வலிக்கலை மிஸ்

அந்தப் பெண்ணை கண்டபேருண்டாசனம் செய்ய வேண்டாம் என்று தடுத்தது சரியா என்று யாராவது கேட்டால், சரி என்றுதான் சொல்வேன். ஆனால் யாரும் கேட்பதில்லை. நானேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் யோகா சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் எட்டாம் வகுப்பு படித்தாள். மற்றவர்கள் சக்கராசனத்துக்கே திணறும்போது இவள் அதே நிலையில் கையை நகர்த்திக் கணுக்காலைப் பிடித்துவிடுவாள். மாவட்ட யோகாசனப் போட்டிக்குப் பெயர் கேட்டபோது பி.டி. சார் முதலில் எழுதியது இவள் பெயரைத்தான். கட்டாய ஆசனங்கள் போக, விருப்ப ஆசனமாக அவளே எடுத்துக்கொண்டது கண்டபேருண்டாசனம். செல்போனில் பார்த்துப் பழகிவிட்டு வந்திருந்தாள். தாடையும் மார்பும் தரையில் இருக்க, உடம்பு பின்பக்கமாக மடிந்து, இரண்டு பாதங்களும் காதுகளுக்குப் பக்கத்தில் வந்து இறங்க வேண்டும்.

பள்ளி விட்ட பிறகு ஜமுக்காளத்தில் (யோகா மேட் என்பது எங்கள் பள்ளியில் ஜூன் 21-க்கு மட்டும் வெளியே வரும் பொருள்) அவள் அதைச் செய்தபோது, நானும் தரையோடு தரையாகக் குனிந்து முகத்தைப் பார்த்தேன். உதட்டில் சிரிப்பு இருந்தது. அது நான் பழக்கிய சிரிப்பு. முகம் இறுகினால் மதிப்பெண் போய்விடும். ஆனால் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. விலாப்பக்கம் அசையவே இல்லை.

இறங்கியதும், "வலிக்குதா?" என்றேன்.

"வலிக்கலை மிஸ்."

"அப்புறம் ஏன் மூச்சைப் பிடிச்சே?"

"விட்டா விழுந்துடுவேன்."

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் அதை எடுத்துவிட்டு, உட்கார்ந்தபடி உடம்பை முறுக்கும் பூர்ண மத்ஸ்யேந்திராசனத்தைப் போட்டுக் கொடுத்தேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. அவளுடைய அம்மாதான் வந்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அரை ஷிப்ட் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்குமுங்க மிஸ்" என்று ஆரம்பித்தவர், கிளம்பும்போது சொன்னார்: "கணக்கும் வராது, இங்கிலீஷும் வராது. அவளுக்கு வர்றது இது ஒண்ணுதானுங்க."

போட்டியில் நான்காவது இடம். மாநிலப் போட்டிக்குப் போக முடியவில்லை.

எனக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. வளரும் வயதில் முதுகைத் திரும்பத் திரும்பப் பின்னால் வளைத்தால் இடுப்புப் பகுதி முள்ளெலும்பில் மெல்லிய விரிசல் விழலாம். ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளிடம் டாக்டர்கள் அதிகம் பார்ப்பது இதைத்தான், பெரும்பாலும் இடுப்பின் கடைசி முள்ளெலும்பான எல் 5-இல். ஆரம்பத்தில் பெரிதாக வலிக்காமலும் இருக்கலாம். அதனால் "வலிக்கலை மிஸ்" என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. என் பக்கம் யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலியும் இருக்கிறார். ஆசனத்துக்கு அவர் ஒதுக்கியது மூன்றே சூத்திரங்கள். அதில் முதலாவதே, நிலையாகவும் சுகமாகவும் இருப்பதுதான் ஆசனம் என்கிறது.

ஆனால் பதஞ்சலியைத் துணைக்குக் கூப்பிட்டால் அவர் பாதியில் நிற்க மாட்டார். அப்படிப் பார்த்தால் போட்டிக்கே அனுப்பியிருக்கக் கூடாது. 2020 டிசம்பரில் மத்திய அரசு யோகாசனத்தை விளையாட்டாக அங்கீகரித்தது. கேலோ இந்தியா தேசிய விளையாட்டுப் போட்டி வரைக்கும் போய்விட்டது. விளையாட்டு என்றால் இன்னொருவரைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைய வேண்டும். வகுப்பில் "முடிஞ்ச அளவு போதும், பக்கத்துல பார்க்காதீங்க" என்று சொல்கிற அதே வாயால்தான் மைதானத்தில் "இன்னும் கொஞ்சம்" என்கிறேன். பிள்ளைகள் இரண்டையும் கேட்டுக்கொள்கிறார்கள். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு ஐந்தாவது பீரியடில் யோகாவைப் போடும் பள்ளியில், இதையெல்லாம் யாரிடம் போய்ப் பேசுவது?

இன்னொன்றும் உண்டு. நான் பகுதிநேர ஆசிரியை. அவள் கழுத்துக்கு ஏதாவது ஆகியிருந்தால் முதலில் கேட்கப்படுவது என் பெயர்தான். அன்றைக்கு நான் பார்த்தது அவள் முதுகையா, என் வேலையையா? இரண்டையும்தான். அதில் தப்பில்லை என்று பகலில் தோன்றுகிறது.

மறு வருடம் அவள் வேறொரு மாஸ்டரிடம் சேர்ந்தாள். அதே ஆசனம். மாநிலப் போட்டிக்குப் போய் மெடலும் வாங்கினாள். பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது அவளுடைய அம்மா போனில் போட்டோ காட்டினார். பாதங்கள் சரியாகக் காதோரம் இறங்கியிருந்தன. அந்தச் சிரிப்பும் இருந்தது.

"முதுகு வலின்னு ஏதாவது சொல்றாளா?"

"ஒண்ணுமில்லீங்க மிஸ், நல்லாருக்கா."

சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பதிலுக்கு முன்னால் ஒரு நொடி நான் வேறு எதையோ எதிர்பார்த்துக் காத்திருந்தேனோ என்பதுதான் இப்போது நெருடுகிறது. இப்போது வலி இல்லை என்பதற்காக இருபத்தைந்து வயதிலும் இருக்காது என்று அர்த்தமில்லை. இதையும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இந்த வருடப் பட்டியல் கேட்டிருக்கிறார்கள். ஆறாம் வகுப்பில் ஒரு பையன் அவளைப் போலவே வளைகிறான். வலிக்குதா என்று அவனிடம் கேட்கப்போவதில்லை. ஆசனத்தில் இருக்கும்போதே ஒன்றிலிருந்து பத்து வரை வாய்விட்டு எண்ணச் சொல்வேன்; எண்ண முடிந்தால் பெயரை எழுதலாம் என்று பி.டி. சாரிடம் சொன்னேன்.

"போட்டியில எண்ணிக்கிட்டா இருப்பான் மிஸ்?" என்றார்.