நாலு கவுன்டர்

ஜனவரி 9

முடிவு பண்ணியாச்சு. மேஜிக்: தி கேதரிங் கார்டு ஆட்டத்துக்கு நான் கட்டற கமாண்டர் டெக்கு முழுக்க சஸ்பெண்ட் தான், கார்டை ஒதுக்கி வச்சுக் காத்திருந்து ஆடற மெக்கானிக். டெக்குக்குத் தலைமைக் கார்டு, அதாவது கமாண்டர், ஜோய்ரா ஆஃப் தி கிட்டு, நீலம் சிவப்பு, மூணே மனா (கார்டு ஆடக் குடுக்கிற விலை, லேண்ட் கார்டுல இருந்து வர்றது). 2 மனா குடுத்தா கையில இருக்கிற லேண்ட் இல்லாத எந்தக் கார்டையும் எக்ஸைல் பண்ணி, அதாவது ஆட்டத்துக்கு வெளிய ஒதுக்கி, அதுமேல 4 டைம் கவுன்டர் வைக்கலாம், சஸ்பெண்ட் இல்லாத கார்டுக்கும் சஸ்பெண்ட் வந்துரும். என் அப்கீப் (டர்ன் ஆரம்பம்) ஒவ்வொண்ணுலயும் ஒரு கவுன்டர் கழியும், கடைசி கவுன்டர் போனதும் மனாவே குடுக்காம காஸ்ட் பண்ணலாம், அதாவது ஆடலாம், கிரீச்சரா இருந்தா வந்த டர்ன்லயே அடிக்கும். 2006-ல டைம் ஸ்பைரல் செட்ல வந்த மெக்கானிக். அதுக்கப்புறம் எவ்வளவோ வந்துருச்சு, எனக்கு இது மாதிரி ஒண்ணும் பிடிக்கல.

ஜனவரி 10

இன்னிக்கும் ஒண்ணும் சொல்லல.

ஜனவரி 12

தம்பி ஒரே பிடியா நிக்கிறான், ஆப்ளிட்டரேட் போட்டே ஆகணுமாம். அதை சஸ்பெண்ட் பண்ணி, கூடவே ஒரு பெரிய கிரீச்சரையும் சஸ்பெண்ட் பண்ணிட்டா ரெண்டும் ஒரே அப்கீப்ல முடியும், எது முதல்லன்னு நாமளே வரிசை வச்சுக்கலாம். லேண்ட், கிரீச்சர், ஆர்ட்டிஃபாக்ட் எல்லாம் அழிஞ்சு வெறும் மேசையில நம்ம கிரீச்சர் மட்டும் இறங்கி அடிக்கும். "அக்கா, ஜோய்ரான்னாலே அதுதான்க்கா, அது இல்லாம எதுக்கு ஜோய்ரா"ங்கிறான். அவன் சொல்றது சரிதான், அந்தக் கமாண்டருக்குப் பேரே அப்படித்தான், வெளிய எடுத்து வச்சாலே எல்லாரும் நம்மள முதல்ல அடிப்பாங்க. ஆனா மத்த மூணு பேரும் ஒரு லேண்ட் கூட இல்லாம உக்காந்து நான் முடிக்கிறதைப் பாத்துட்டு இருக்கணும்னா அந்த ஆட்டம் எனக்கு வேண்டாம். டைம் ஸ்ட்ரெச்சும் வேண்டாம், ஒருத்தரே மூணு டர்ன் ஆடினா மத்தவங்க என்ன பண்ணுவாங்க. வேண்டாம்னா வேண்டாம்.

ஜனவரி 13

தூக்கம் வரல. லைட்டைப் போடாம ஃபோன் வெளிச்சத்துல கார்டைப் பிரிச்சுட்டு இருக்கேன், அப்பா பக்கத்துல தூங்கறாரு.

ஏன் இந்த மெக்கானிக்னு இப்பதான் புரியுது. இதுல காத்திருக்கிறதுக்கு ஒரு நம்பர் இருக்கு. ஆன்செஸ்ட்ரல் விஷன் ஒரு நீல மனாவுக்கு சஸ்பெண்ட் 4, அந்தக் கார்டுக்கு மனா காஸ்ட்டே கிடையாது, கையில இருந்து சாதாரணமா காஸ்ட் பண்ணவே முடியாது, காத்துத்தான் ஆகணும், ஆனா நாலு அப்கீப் போனா மூணு கார்டு. லோட்டஸ் ப்ளூம் 3. ரிஃப்ட் போல்ட் 1. கார்டு மேல கவுன்டரைக் காட்ற டைஸ் இருக்கு, மேசையில எல்லார் கண்ணுக்கும் தெரியுது, இன்னும் எத்தனைன்னு யாரையும் கேக்க வேண்டியதில்ல. போய் நின்னு "எப்போ தெரியும்"னு கேட்டு அவங்க "சொல்றோம்"னு சொல்றதைக் கேட்டுட்டுத் திரும்பி வர வேண்டியதில்ல. எனக்கு அது போதும், ஒரு நம்பர் போதும், அது 10-ஆ இருந்தாலும் பரவால்ல.

ஜனவரி 15

தம்பி கூடவும் அவன் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர் கூடவும் ஒரு ஆட்டம். மேசையில பார்த்தா என் பக்கம் ஒண்ணுமே இல்ல, எக்ஸைல்ல மட்டும் வரிசையா அஞ்சு கார்டு. டைஸ் ஒவ்வொண்ணா இறங்கிட்டு இருக்கும்போதே 40 லைஃப் காலி. சஸ்பெண்ட் டெக்குக்கு இருக்கிற நோயே இதுதான், பின்னாடி வர்றது எவ்வளவு பெருசா இருந்தாலும் அது வர்ற வரைக்கும் யாராவது முன்னாடி நின்னு தாங்கணும். சின்ன பிளாக்கர் ஆறு ஏழு உள்ள வரணும். பெரிய கிரீச்சர்ல நாலு வெளிய போகணும். எதை எடுக்கன்னு மனசே வரல.

ஒண்ணு மட்டும் ரொம்ப நல்லா வேலை செஞ்சுது. ஜோய்ராவை என் டர்ன்ல யூஸ் பண்ணாம, எனக்கு முன்னாடி ஆளோட டர்ன் முடியற நேரத்துல பண்ணா உடனே என் அப்கீப், 4 அங்கேயே 3. அப்புறம் ஜோய்ராவை யாராவது கொன்னாலும் கவலையில்ல, வச்ச கவுன்டர் கழிஞ்சுட்டேதான் இருக்கும்.

ஜனவரி 16

அப்பா கொஞ்சம் சாப்பிட்டாரு.

ஜனவரி 17

பாரடாக்ஸ் ஹேஸ்!!! எப்படி மறந்தேன் இதை. 3 மனா ஆரா, ஆள் மேல போடறது, அவங்களுக்கு டர்னுக்கு ரெண்டு அப்கீப். எனக்கே போட்டுக்கிட்டா ஒரு டர்ன்ல ரெண்டு கவுன்டர் போகும். அதோட ஜோய்ராஸ் டைம்பக், டேப் பண்ணா (கார்டைச் சாய்ச்சா) ஒரு கவுன்டர் கூட்டலாம் குறைக்கலாம். அதோட க்ளாக்ஸ்பின்னிங், பைபேக் வேற இருக்கு, மறுபடி மறுபடி கைக்கே வரும். மூணும் சேந்தா 4-ங்கிறது ஒரே சுத்துல முடிஞ்சிரும். டீப்-சீ க்ராக்கனும் இருக்கட்டும், சஸ்பெண்ட் 9 தான், ஆனா எதிராளி ஒவ்வொரு ஸ்பெல் காஸ்ட் பண்ணும்போதும் ஒரு கவுன்டர் கழியும், மூணு பேர் எதிர்ல இருந்தா 9 எல்லாம் ஒரு நம்பரா. அப்புறம் 6/6 (அடிக்கிற பலம், தாங்கற பலம்), பிளாக் பண்ணவே முடியாது. ரியாலிட்டி ஸ்ட்ரோபும் வேணும், வேலை முடிஞ்சதும் தானே திரும்பப் போய் மூணு கவுன்டரோட உக்காந்துக்கும். இன்னிக்கு நாள் நல்லா இருந்துச்சு.

ஜனவரி 18

தம்பி டெக்குல "டெஃபெரி, டைம் ரேவலர்"னு ஒரு கார்டு இருக்கு. அது இருந்தா எதிராளிங்க சார்சரி போடற நேரத்துல, அதாவது அவங்கவங்க டர்னோட மெயின் கட்டத்துல, மட்டும்தான் ஸ்பெல் காஸ்ட் பண்ண முடியும். சஸ்பெண்ட் முடியறது அப்கீப்ல. அப்ப காஸ்ட் பண்ண முடியாது, கவுன்டரும் இல்ல, கார்டு எக்ஸைல்லயே கிடக்கும், திரும்ப எண்ணவே எண்ணாது. ட்ரானித் மாஜிஸ்ட்ரேட்டும் அப்படியே, கையில இருந்து தவிர வேற எங்கிருந்தும் காஸ்ட் பண்ண விடாது. நாலு டர்ன் காத்திருந்து சரியா அந்த நேரத்துல கதவைச் சாத்தறது. தம்பி கிட்ட எடுத்துருடான்னு கேக்க மாட்டேன், அது அவன் டெக்கு. ஆனா நாள் பூரா அந்தக் கார்டுதான் மண்டைக்குள்ள ஓடுது.

ஜனவரி 19

நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க.

ஜனவரி 21

க்ரேட்டர் கார்கடன். ஒரு சிவப்பு மனா, சஸ்பெண்ட் 10. சஸ்பெண்ட்ல இருக்கும்போது ஒரு லேண்டோ கிரீச்சரோ ஆர்ட்டிஃபாக்ட்டோ பலி குடுத்தா ஒரு கவுன்டர் கழியும். எல்லாத்தையும் குடுத்தா இப்பவே வரும், 9/7. நேத்து ராத்திரியில இருந்து இதையே பாத்துட்டு இருக்கேன், எத்தனை குடுக்கலாம், எதுக்கு மேல குடுத்தா வந்தும் பிரயோஜனம் இல்லன்னு. ஆறு லேண்ட் இருந்தா மூணு குடுப்பேன். நாலு கூட குடுப்பேன்.

கார்கடன் டெக்குல இருக்கு.

ஜனவரி 22

தம்பி இங்கேயே தங்கிட்டான். ரெண்டு பேரும் பேசல, கார்டுக்கு ஸ்லீவ் போட்டோம்.

ஜனவரி 24

லேண்ட் 37. எக்ஸ் காஸ்ட் கார்டு (எவ்வளவு மனா குடுக்கிறோமோ அவ்வளவு பெருசாகறது) எல்லாம் வெளிய, ஜோய்ரா வழியா வந்தா எக்ஸ் பூஜ்யம் தான். இன்னும் ரெண்டு இடம் காலி. ஒண்ணுக்கு டிலே போடலாம், எதிராளி ஸ்பெல்லைத் தடுத்து மூணு டைம் கவுன்டரோட எக்ஸைல் பண்ணும், அது கடைசில வரத்தான் செய்யும், ஆனா க்ளாக்ஸ்பின்னிங் கையில இருந்தா ஒவ்வொரு டர்னும் அதுமேல ஒரு கவுன்டர் சேத்துட்டே இருக்கலாம், வரவே விடாம. தம்பி சொல்றான் அந்த இடத்துக்கு ரிஃப்ட்விங் க்ளவுட்ஸ்கேட் தான் நல்லதுன்னு. இல்ல, டிலே தான். ரெண்டாவது இடத்துக்கு இன்னும்