சான்றிதழ் அறையில் தேங்கும் விவரங்கள்

ஆட்டிசம் குறித்து நம் அரசு இன்று ஏற்றுக்கொண்டிருக்கிற ஒவ்வொன்றும் பெற்றோர் நடையாய் நடந்து ஏற்க வைத்தது. தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் மருத்துவ உளவியலாளராக வேலை பார்க்கிற நான் இதைப் பல வருடங்களாகப் பக்கத்திலிருந்து பார்த்து வருகிறேன். மாற்றுத்திறனாளிகளுக்குச் சான்று வழங்கும் மருத்துவக் குழுவில் மனநல மருத்துவர், குழந்தைகள் நல மருத்துவர் ஆகியோருடன் நானும் ஓர் உறுப்பினர். ஆட்டிசம் உள்ள பிள்ளை என்றால் மதிப்பீட்டுத் தாள் என் மேசைக்குத்தான் வரும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதற்கென்று சான்றே கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. ஆட்டிசம் அதில் இல்லை. பிள்ளைக்குச் சான்று வேண்டுமென்றால் நுண்ணறிவுச் சோதனை வைத்து 'மனவளர்ச்சி குன்றியவர்' என்ற தலைப்பின் கீழ்தான் கொடுக்க முடியும். பிள்ளை சோதனையை நன்றாகச் செய்துவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும். ஏழாம் வாய்ப்பாட்டைப் பிசகாமல் எழுதிவிட்டு, தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கத் தெரியாமல் அழுகிற சிறுவனுக்கு 'தகுதி இல்லை' என்று குறிக்க வேண்டியிருந்தது. அவனுடைய அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அப்படியானால் இவனுக்கு ஒன்றுமில்லை என்று நீங்களே பள்ளிக்கூடத்தில் வந்து சொல்லுங்கள் மேடம்" என்றார். என்னிடம் பதில் இல்லை. சட்டத்திலும் இல்லை.

இத்தனைக்கும் 1999இலேயே நாடாளுமன்றம் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றி, ஆட்டிசம் என்றால் என்ன என்று அதில் வரையறையும் தந்திருந்தது. அந்தச் சட்டத்தில் ஆட்டிசத்தைச் சேர்க்க வைத்ததே பெற்றோர்தான். மெர்ரி பருவா என்ற தாய் 1991இல் டெல்லியில் தொடங்கிய 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பு அதற்காக அதிகாரிகளின் கதவுகளை விடாமல் தட்டியது. ஆனால் ஒரு சட்டத்தில் பெயர் இருந்து, சலுகைகளுக்கு வழிவிடும் மற்றொரு சட்டத்தில் பெயர் இல்லாத நிலை 2016 வரை நீடித்தது. அந்த இடைவெளியில் வளர்ந்த பிள்ளைகள் இன்று இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கிறார்கள். பலருக்கு ஒரு நாள்கூட முறையான பயிற்சி கிடைத்ததில்லை. 21 வகைக் குறைபாடுகளை ஏற்ற 2016ஆம் ஆண்டுச் சட்டம் மறு ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, சான்றிதழ் அறைக்கு முதன்முதலில் வந்தவர்களில் மீசை அரும்பிய பையன்களும் இருந்தார்கள்.

இப்போது எங்கள் கையில் இருப்பது இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல். 2009இல் வெளிவந்தது. நாற்பது கேள்விகள். கண் பார்த்துப் பேசுகிறானா, சிரிப்புக்குப் பதில் சிரிப்பு வருகிறதா, கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்கிறானா, பழகிய முறை மாறினால் முரண்டு பிடிக்கிறானா, வலி உறைக்கிறதா என்று ஆறு பகுதிகளாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70க்குக் குறைந்தால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். பிறகு அந்தத் தொகையை அட்டவணையைப் பார்த்துச் சதவீதமாக மாற்றுகிறோம். நாற்பது சதவீதம் வந்தால் பெரும்பாலான சலுகைகளுக்குக் கதவு திறக்கும். சதவீதம் கணினியில் ஏறுகிறது, அடையாள அட்டை அச்சாகிறது. நாற்பது கேள்விகளுக்கான பதில்கள் கோப்புக்குள் போய்விடுகின்றன.

நான் எழுத வந்தது அந்தக் கோப்பைப் பற்றித்தான்.

தீப்பெட்டி ஒட்டுகிற வேலை செய்யும் ஒரு தாய், பன்னிரண்டு வயது மகனின் சான்றைப் புதுப்பிக்க வந்திருந்தார். கேள்விகள் முடிந்து நான் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தபோது, "இவ்வளவு கேட்டீர்களே மேடம், ராத்திரி தூங்குகிறானா என்று ஒரு கேள்விகூட இதில் இல்லையே" என்றார். தாளைத் திருப்பிப் பார்த்தேன். உண்மைதான், நாற்பதில் ஒன்றுகூடத் தூக்கத்தைப் பற்றியதில்லை. அவர் பைக்குள்ளிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தார். கோடு போட்ட பக்கங்களில் தேதி, படுத்த நேரம், விழித்த நேரம், வலிப்பு வந்த நாளில் சிவப்புப் பென்சிலில் ஒரு பெருக்கல் குறி. ஆடிக் காற்றில் தகரக் கூரை அதிரும் வாரங்களில் தூக்கம் பாதியாகக் குறைந்திருந்தது. தூக்கம் குறைந்த நாட்களை அடுத்து சிவப்புக் குறிகள் கூடியிருந்தன. எட்டாம் வகுப்பைத் தாண்டாத அந்தப் பெண் யாரும் சொல்லாமலே ஒரு நல்ல ஆய்வாளர் செய்கிற வேலையைச் செய்து வைத்திருந்தார். அதை வைத்துத்தான் நரம்பியல் மருத்துவருக்குக் கடிதம் எழுதினேன். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு மற்றவர்களைவிட அதிகம் வருகிறது, பருவ வயதில் புதிதாகத் தொடங்குவதும் உண்டு என்பது மருத்துவ உலகம் அறிந்த சேதி. ஆனால் என் மாவட்டத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு என்று கேட்டால், எந்த அலுவலகத்திலும் விடை இல்லை.

எண்ணிக்கையே இல்லாதபோது மற்றதை எங்கே பேசுவது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆட்டிசத்துக்குத் தனிக் கட்டம் இல்லை. 2018இல் வெளியான ஒரு பெரிய இந்திய ஆய்வு, இரண்டு முதல் ஒன்பது வயது வரையுள்ள ஏறத்தாழ நாலாயிரம் குழந்தைகளை நேரில் பரிசோதித்தது. பல்வல், காங்ரா, தேன்கனல், வடக்கு கோவா, ஹைதராபாத் என்று ஐந்து இடங்கள். மதிப்புமிக்க வேலை, ஆனால் அந்த ஐந்தில் தமிழ்நாட்டு ஊர் ஏதும் இல்லை. அமெரிக்காவில் 31 குழந்தைகளில் ஒருவருக்கு ஆட்டிசம் என்று 2025இல் அறிவித்தார்களே, அந்த எண்ணை எப்படி எடுக்கிறார்கள் என்று தேடிப் படித்தபோது எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அவர்கள் குழந்தைகளை வரிசையில் நிறுத்திப் புதிதாகச் சோதிப்பதில்லை. தேர்ந்தெடுத்த பகுதிகளில் எட்டு வயதுக் குழந்தைகளின் மருத்துவமனைப் பதிவுகளையும் பள்ளிப் பதிவுகளையும் சேர்த்துப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். பதிவு நம்மிடமும் இருக்கிறது. சான்று வழங்கும் இடங்களிலெல்லாம் ஒரே அளவுகோலில், நிபுணர் ஒருவர் நேரில் பார்த்து நிரப்பிய தாள் இருக்கிறது. எந்த வயதில் முதலில் வந்தார்கள், பெண் பிள்ளைகள் ஏன் குறைவாக வருகிறார்கள், எந்தத் தாலுகாவிலிருந்து யாருமே வரவில்லை என்பதையெல்லாம் அந்தத் தாள்களே சொல்லும். சான்று வாங்க வராதவர்கள் கணக்கில் விழமாட்டார்கள் என்பது சரியான ஆட்சேபம். அதற்காக வந்தவர்களைக்கூடப் பார்க்காமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அமெரிக்காவிலும் இதற்குப் பின்னால் பெற்றோர்தான் இருந்தார்கள். தொண்ணூறுகளில் பெற்றோர் அமைப்புகள் பணம் திரட்டி, பிள்ளைகளின் இரத்த மாதிரிகளையும் தாமே சேகரித்து, விஞ்ஞானிகளுக்குத் திறந்துவிட்டன. 2000இல் ஆட்டிச ஆய்வுக்கும் வழிசெய்த ஒரு சட்டம், 2006இல் ஆட்டிசத்துக்கென்றே தனிச் சட்டம். ஆய்வுப் பணம் எதற்குப் போக வேண்டும் என்று ஆலோசனை சொல்லும் குழுவில் பெற்றோரும் ஆட்டிசம் உள்ளவர்களும் இடம்பெற வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இவ்வளவு செய்தும் பணத்தின் பெரும்பங்கு மரபணுவுக்கும் மூளை உயிரியலுக்கும் போய், வளர்ந்தவர்களின் அன்றாட வாழ்க்கைக்கு மிகச் சொற்பமே கிடைக்கிறது என்று ஆட்டிசம் உள்ளவர்களே அங்கே குறைபட்டு வருகிறார்கள். நாம் தொடங்கும்போதே காதில் போட்டுக்கொள்ள வேண்டிய குறை இது.

பெற்றோரின் தவிப்பு தவறான வாசலுக்குப் போவதையும் பார்த்திருக்கிறேன். 1998இல் லண்டனில் பன்னிரண்டு குழந்தைகளை வைத்து எழுதப்பட்ட ஒரு கட்டுரை, தட்டம்மை–புட்டாளம்மை–ரூபெல்லா தடுப்பூசியால் ஆட்டிசம் வரலாமோ என்ற சந்தேகத்தைக் கிளப்பியது. 2010இல் அதை வெளியிட்ட மருத்துவ இதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பல நாடுகளில் பெரிய ஆய்வுகள் நடந்து, தொடர்பு இல்லை என்று தெளிவானது. ஆனாலும் 2017இல் தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளுக்குப் பயந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாதவர்களை நான் அறிவேன். அதைவிட என்னை வருத்துவது, ஆட்டிசத்தைக் குணமாக்கும் என்று சொல்லி விற்கப்படும் ஸ்டெம் செல் ஊசி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் ஆட்டிசத்துக்கு அதைச் சிகிச்சை என்று தருவதை ஏற்கவில்லை. தேசிய மருத்துவ ஆணையமும் 2022இல் கூடாது என்றே சொன்னது. தாலியைத் தவிர எல்லா நகையையும் விற்று அந்த ஊசியைப் போட்டுவிட்டு வந்த குடும்பம் என் எதிரே உட்கார்ந்திருக்கிறது. அவர்களை அறியாமை என்று ஏசுவதற்கு எனக்கு மனம் வராது. ஆறு மாதம் காத்திருந்து பேச்சுப் பயிற்சிக்கு வாரம் அரைமணி நேரம் கிடைக்கிற ஊரில், "நான்கு ஊசியில் பேசுவான்" என்கிறவர் பேச்சு எடுபடத்தான் செய்யும். அரசு ஆய்வு செய்யாமல் விட்ட இடத்தில்தான் இந்த வியாபாரம் கடை விரிக்கிறது.

உருப்படியான ஆய்வு எப்படி இருக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் வழியாகப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, அதைப் பெற்றோரோடு உட்கார்ந்து பார்த்து, பிள்ளை எங்கே பேச முயன்றது, நாம் எங்கே கவனிக்காமல் விட்டோம் என்று காட்டுகிற முறை. 65 குழந்தைகள்தான், ஆனாலும் பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்து நடந்துகொள்வதும், பிள்ளை தானாகத் தொடர்புகொள்வதும் கூடியது கண்கூடாகத் தெரிந்தது. கிராம சுகாதாரச் செவிலியர் அமைப்பு வலுவாக இருக்கிற தமிழ்நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் படித்ததில்லை.

எங்கள் ஊர்ப் பெற்றோர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தொடக்கப்பள்ளி வகுப்பறையில் கூடுவார்கள். டெய்லர், பஸ் கண்டக்டர், மாவு மில் நடத்துகிறவர், தீப்பெட்டி ஒட்டுகிற அந்தத் தாய் என்று பலரும் உண்டு. உதவித்தொகை, இலவச பஸ் பாஸ் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், ஒரு கூட்டத்தில் தங்களுக்குத் தெரியாதவற்றைப் பட்டியல் போடத் தொடங்கினார்கள். தூக்கம். வலிப்பு. மாதவிடாய் வந்த மகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது. பதினேழு வயதில் திடீரென்று அடிக்கத் தொடங்கியவனுக்கு மருந்தா, வேறு வழியா. தங்களுக்குப் பின் என்ன. கண்டக்டர் அதை மனுவாக எழுதினார். 'பொருள்: ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் குறித்து மாவட்ட அளவில் ஆய்வு நடத்தக் கோருதல் – தொடர்பாக.' திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் நேரில் கொடுத்தார்கள். ஆய்வு கேட்டு வந்த மனுவை அதற்குமுன் யாரும் அங்கே பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அது ஒவ்வோர் அலுவலகமாகக் கைமாறி, 'தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது' என்ற முத்திரையோடு கடைசியில் என் மேசைக்கே வந்து சேர்ந்தது.

நிதியில்லை, ஆளில்லை என்று ஒரு வரி பதில் எழுதி மூடியிருக்கலாம், அப்படித்தான் வழக்கம். நான் கண்காணிப்பாளரின் அனுமதியோடு பழைய தாள்களை எடுத்துப் பெயர், முகவரி நீக்கி வயதுவாரியாக அடுக்கினேன். பெரும்பாலான பிள்ளைகள் பள்ளியில் சேர்க்க மறுத்த பிறகே முதல் மதிப்பீட்டுக்கு வந்திருந்தார்கள். அங்கன்வாடியும் தடுப்பூசி நாளும் இவ்வளவு அருகில் இருந்தும், அந்த நான்கைந்து ஆண்டுகளில் யார் கண்ணிலும் படாமல் போயிருக்கிறார்கள். இது ஒரு மாவட்டத்தின் கோப்பு மட்டுமே, பொதுவிதியாகச் சொல்ல மாட்டேன். மற்ற மாவட்டங்களிலும் ஒருவர் உட்கார்ந்து அடுக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

சதவீதத்தைத் தொடாமல், அளவுகோலோடு கூடுதல் தாள் ஒன்றை இணைக்கலாம் என்று பெற்றோரோடு பேசி முடிவெடுத்தோம். எந்த வயதில் முதலில் சந்தேகம் வந்தது, இரவில் எத்தனை மணி நேரம் தூக்கம், வலிப்பு உண்டா, பள்ளி உண்டா என்று நான்கே கேள்விகள். பதில் சொல்வது அவரவர் விருப்பம். சொல்லாவிட்டாலும் சான்றில் எந்தக் குறையும் வராது என்று தாளின் தலைப்பிலேயே எழுதினோம். சான்று தருகிறவரே கேட்கும்போது பெற்றோர் மறுக்கத் தயங்குவார்கள் என்பதால், அந்தத் தாளை என் மேசையில் வைக்காமல் வெளியே பெற்றோர் அமைப்பினர் உட்காரும் இடத்தில் தருவதாகத் திருத்தினோம். மருத்துவக் கல்லூரி நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் போயிருக்கிறது.

கண்டக்டருக்கு மட்டும் திருப்தியில்லை. தங்களுக்குப் பின் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற ஐந்தாவது கேள்வி ஏன் இல்லை என்று கேட்டார். மூன்று வயதுக் குழந்தையோடு முதன்முதலாக வந்து நிற்கிற இளம் தம்பதியிடம் அதைக் கேட்க வேண்டாம் என்றேன். பதினெட்டு வயது முடிந்தவர்களுக்குப் பாதுகாவலர் நியமிக்கும் குழு ஆட்சியர் தலைமையில் கூடுகிறது. தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி அமைந்த குழு அது. அங்கே வருகிற ஒவ்வொரு பெற்றோரும் அந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். அங்கே கேட்டு, பதிலைப் பதிவு செய்யட்டும். யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். அதற்கான மனுவை இப்போது அவர்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்.