வாரத்துக்கு எத்தனை கிராம்: பாப்பாவின் தோல் நாட்குறிப்பு

டிசம்பர் 1, 2024, ஞாயிறு

மணி இரண்டரை. பாப்பா இப்போதுதான் மறுபடி கண்ணயர்ந்தாள். இருட்டில் அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு கலங்கிவிடும். கோரைப்பாயில் நகத்தை இழுப்பது போல வறக் வறக்கென்று. தூக்கத்திலேயே சொறிகிறாள். கையைப் பிடித்துக்கொண்டால் காலால் காலைத் தேய்க்கிறாள். விளக்கைப் போட்டுப் பார்த்தேன். முழங்கை மடிப்பு இரண்டும் சிவந்து வெடித்திருக்கின்றன, தலையணை உறையில் கடுகு கடுகாக ரத்தப் பொட்டு.

நாலாம் மாதத்தில் கன்னத்தில் ஆரம்பித்தது, எக்ஸிமா என்கிற இந்தத் தோல் அழற்சி. "கரப்பான்தான், பல்லு முளைச்சாப் போயிரும்" என்றார்கள். பல் முளைத்தது. "நடந்தாப் போயிரும்" என்றார்கள். நடந்தாள், ஓடினாள், இப்போது யூகேஜி போகிறாள். கன்னத்தை விட்டு முழங்கை மடிப்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் இடம் மாறியதே தவிர, போகவில்லை. கார்த்திகையில் பனிக்காற்று ஆரம்பித்தால் கோயமுத்தூரில் என் உதடே வெடிக்கும். அவள் தோல் எப்படித் தாங்கும்?

புதன்கிழமை புது டாக்டரிடம் போகிறோம். இனி நடப்பதை அன்றன்றைக்கு எழுதி வைக்கப்போகிறேன். இதே நேரத்தில் இதே சத்தத்தைக் கேட்டுக்கொண்டு விழித்திருக்கும் வேறு அம்மாக்கள் இருப்பார்கள்.

டிசம்பர் 4

உள்ளே போவதற்கு முன்பே ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். போயம் என்று பெயர். ஏழே கேள்விகள். போன வாரத்தில் எத்தனை நாள் அரித்தது, எத்தனை ராத்திரி தூக்கம் கெட்டது, எத்தனை நாள் ரத்தம் வந்தது, நீர் வடிந்தது, வெடித்தது, செதில் உதிர்ந்தது, வறண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 28. பாப்பாவுக்கு 22. 17-ஐத் தொட்டாலே கடுமை என்று கணக்கு. ஐந்து வருஷமாக வாயால் சொல்லத் தெரியாமல் தவித்தது ஒரு எண்ணாக என் கையில் இருந்தது. அழுகை வந்துவிட்டது.

டாக்டரம்மா பொறுமையாகப் பார்த்தார். நான் கொண்டுபோன மாய்ஸ்சரைசர் டியூபைக் கையில் வாங்கி, "இது எத்தனை நாளா வெச்சிருக்கீங்க?" என்றார். "மூணு மாசமாங்க" என்றேன். 50 கிராம் டியூப். அவர் கோபப்படவில்லை. இந்த அளவு எக்ஸிமா இருக்கிற குழந்தைக்கு வாரத்துக்கு 250 கிராமாவது வேண்டும், அதிகமானாலும் தப்பில்லை என்றார். வாரத்துக்கு! நான் ஒரு வாரத்துக்கு நாலு கிராம் தடவியிருக்கிறேன்.

அவர் சொன்னதில் மனசில் நின்றது இது. மண்பானையில் தண்ணீர் ஊற்றினால் வெளியே கசிந்து ஆவியாகும் இல்லையா, பாப்பாவின் தோல் அந்த மாதிரி. உள்ளிருக்கும் ஈரம் கசிந்து போகிறது, வெளியிலிருக்கும் தூசியும் சோப்பும் கிருமியும் உள்ளே நுழைகின்றன. தோலின் மேல்படலத்தைக் கட்டி நிறுத்தும் ஃபிலாக்ரின் என்ற புரதம் சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. அந்த மரபணுவின் பிழைக்கும் எக்ஸிமாவுக்கும் உள்ள தொடர்பை ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-ல் கண்டுபிடித்தார்கள். இவள் அப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு வீசிங், ஒருவருக்கு எக்ஸிமா என்று வருவது சகஜமாம். நான் கர்ப்பத்தில் எதையோ தின்றதால் வந்தது என்று இத்தனை நாள் கேட்டு வந்த பேச்சை அங்கேயே இறக்கி வைத்தேன்.

அப்புறம் மருந்துச் சீட்டு. உடம்புக்கு மொமெடசோன், முகத்துக்கு மட்டும் ஹைட்ரோகார்டிசோன். இரண்டும் ஸ்டீராய்டு என்றதும் எனக்கு உள்ளங்கை வேர்த்தது.

போன வருஷம் ஒரு மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தடவிய டியூப் ஞாபகம் வந்தது. இரண்டே நாளில் பளிச்சென்று ஆனது, நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. அதில் வீரியமான ஸ்டீராய்டும், படைக்கான மருந்தும், ஆன்டிபயாட்டிக்கும் ஒன்றாகக் கலந்திருந்தன என்று பின்னால்தான் தெரிந்தது. அந்தப் பயத்தில் அதற்கடுத்து எந்த டாக்டர் ஸ்டீராய்டு எழுதினாலும் உளுந்தளவு தொட்டு வைத்து, ரெண்டாம் நாளே நிறுத்திவிடுவேன். டாக்டரம்மா இதைக் கேட்டுவிட்டுச் சொன்னது: "கலவை டியூபைப் பாத்துப் பயந்தது சரிம்மா. ஆனா இது அது இல்ல. பாதி அணைச்ச நெருப்பு மறுபடி பத்திக்கத்தானே செய்யும்?"

அளவுக்குக் கணக்கு காட்டினார். ஆள்காட்டி விரலின் கடைசி ரேகையிலிருந்து நுனி வரை டியூபிலிருந்து ஒரு கோடு பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். பெரியவர்களின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, இரண்டு அளவு தோலுக்கு அது போதும். தினம் ஒரு வேளை, தடவிப் பார்த்தால் சொரசொரப்பே இல்லை என்கிற வரைக்கும்.

டிசம்பர் 6

குளியல் மாறிவிட்டது. வெந்நீர் இல்லை, வெதுவெதுப்புதான். பத்து நிமிஷத்துக்கு மேல் இல்லை. பச்சைப்பயறு மாவையும் நலங்கு மாவையும் தேய்ப்பதை நிறுத்தியாயிற்று. அந்தப் பொரபொரப்பு நல்ல தோலுக்குச் சரி, வெடித்த தோலுக்கு உப்புத்தாள். அமில-கார அளவில் (pH) சாதாரண சோப்பு 9, 10 வரை போகும், அது காரம். தோலோ 5-க்குப் பக்கத்தில் லேசான அமிலத்தன்மையோடு இருப்பது. அதனால் சோப்புக்குப் பதில் நுரையில்லாத கிளென்சர். பழைய பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுதும் காய்வதற்குள் மூன்று நிமிஷத்தில் மாய்ஸ்சரைசர் களிம்பு. அரைமணி நேரம் கழித்துத்தான் ஸ்டீராய்டு.

முதல் நாள் க்ரீம் தடவியபோது "எரியுதும்மா எரியுதும்மா" என்று துள்ளினாள். வெடிப்பு இருக்கும்போது க்ரீமை விட வெறும் வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி எரியாது என்று போனில் சொன்னார்கள். உண்மைதான். பிசுபிசுவென்று இருக்கிறது, பாய், தலையணை, என் சுடிதார் எல்லாம் எண்ணெய். ஆனால் அழவில்லை. ரோமம் போகும் திசையிலேயே மேலிருந்து கீழாகத் தடவ வேண்டும், எதிர்த் திசையில் தேய்த்தால் ரோமக்கால் அடைத்துப் பரு வரும். தடவும்போது "மேலிருந்து கீழ, மேலிருந்து கீழ" என்று பாட்டு மாதிரி சொல்லிக்கொள்கிறோம்.

டிசம்பர் 8, ஞாயிறு

போயம் 19. மாவு எடைபோடும் தராசில் களிம்பு டப்பாவை வைத்தேன். நாலு நாளில் 90 கிராம். நிறையத் தடவுகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன்! பழக்கப்பட்ட கஞ்சத்தனம் விரலிலேயே இருக்கிறது.

டிசம்பர் 11

ஊரிலிருந்து அத்தை வந்தாங்க. பையில் குப்பைமேனி இலை ஒரு கட்டு, கிழங்கு மஞ்சள், செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய் ரெண்டு லிட்டர். பேத்தியின் கையைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. அந்த இலையைப் பறித்து, கழுவி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

சொன்னேன். "அத்தை, தோலு வெடிச்சுக் கெடக்குதுங்க. குப்பைமேனியும் மஞ்சளும் காந்தும், கொழந்த தாங்க மாட்டாங்க." கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எண்ணெயாவது ஆகுமா அம்மணி?" என்றாங்க.

ஆகும். டாக்டரம்மாவிடம் கேட்டிருந்தேன். பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளை வைத்து எட்டு வாரம் பார்த்த ஒரு ஆய்வு 2014-ல் வந்திருக்கிறது. சூடுபடுத்தாமல் எடுத்த தேங்காயெண்ணெய் தடவிய குழந்தைகளுக்கு எக்ஸிமாவின் கடுமை சராசரியாக 68 சதவீதம் குறைந்தது, மினரல் ஆயில் தடவியவர்களுக்கு 38. லேசானதும் நடுத்தரமுமான எக்ஸிமாவுக்குத்தான் அந்தக் கணக்கு. வெடிப்பு ஆறிய இடங்களில் தடவலாம். இன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, "காலை நீட்டு சாமி" என்று அத்தை தடவிவிட்டாங்க. பாப்பா அசையாமல் இருந்தாள். எனக்குக்கூட அப்படிக் காட்டியதில்லை.

சாப்பாட்டு விஷயத்திலும் பேச்சு வந்தது. கத்தரிக்காய், கருவாடு, வாழைக்காய் எல்லாம் கரப்பான் பண்டம், கொடுக்கக் கூடாது என்பது அத்தையின் கணக்கு. நான் அதற்கும் மேலே போய் எட்டு மாதமாக முட்டையையும் நிறுத்தியிருந்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். எக்ஸிமா குறையவில்லை, எடைதான் ஏறவில்லை. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தடிப்போ வாந்தியோ வந்த அனுபவம் இல்லாமல் இப்படி ஒவ்வொன்றாக நிறுத்தக் கூடாதாம். ரொம்ப நாள் நிறுத்தியதை வீட்டில் சட்டென்று திரும்பக் கொடுப்பதும் ஆபத்து, அப்போதுதான் புதிதாக அலர்ஜி காட்டலாம். கிளினிக்கில் வைத்துத்தான் கொடுத்துப் பார்க்க வேண்டும். தேதி வாங்கியிருக்கிறேன்.

டிசம்பர் 13

திருக்கார்த்திகை. வாசலில் வரிசையாக விளக்கு. பாப்பா பழைய பருத்திச் சட்டையில் ஓடிக்கொண்டிருந்தாள். சட்டென்று நினைவு வந்து உள்ளே தூக்கி வந்தேன். இந்தக் களிம்பு ஊறிய துணியில் தீப்பட்டால் வெகு வேகமாகப் பிடிக்கும், துவைத்தாலும் முழுதாகப் போகாது. தடவும் நேரத்தைத் தள்ளிவைத்து, களிம்பு படாத புதுச் சட்டை போட்டு, என் மடியில் உட்கார வைத்தே விளக்கு பார்த்தாள். எக்ஸிமா குழந்தை வைத்திருக்கும் எல்லாரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தீபாவளிக்கும் இதே கவனம் வேண்டும்.

டிசம்பர் 15, ஞாயிறு

போயம் 12. டப்பாவில் 260 கிராம் குறைந்திருக்கிறது. நேற்று ராத்திரி ஐந்து மணி நேரம் ஒரே தூக்கம்.

டிசம்பர் 20

இறங்கியது ஏறிவிட்டது. இடது முழங்காலின் பின்னால் நீர் கோத்து, தேன் காய்ந்தது போல மஞ்சள் பொருக்கு. தொட்டால் சூடு. அன்றைக்கே போனோம். ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி, எக்ஸிமா தோலில் அது பெரும்பாலும் குடியிருக்குமாம், வெடிப்பு கிடைத்ததும் பெருகிவிடும். ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். டப்பாவில் நேராக விரலைவிடாமல் சுத்தமான ஸ்பூனால் எடுக்கச் சொன்னார்கள். நகத்தை மூன்று நாளுக்கு ஒருமுறை வெட்டுகிறேன்.

கிளம்பும்போது டாக்டரம்மா திருப்பிக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். ஒரே அளவில் கூட்டம் கூட்டமாகக் கொப்புளம், குத்தி எடுத்த மாதிரி குழிப்புண், கூடவே காய்ச்சல், வலி என்றால் அது ஹெர்பிஸ் வைரஸ் பரவுவதாக இருக்கலாம், மணிக்கணக்கில் முற்றும், கண்ணைக்கூடத் தாக்கும். "அம்மைன்னு நெனச்சு வேப்பிலை கட்டி வீட்ல வெச்சிராதீங்கம்மா. ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க." இதைக் கொட்டை எழுத்தில் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறேன். உதட்டில் அக்கிக் கொப்புளம் இருப்பவர்கள் பாப்பாவை முத்தமிடக் கூடாது என்பதையும்.

டிசம்பர் 29, ஞாயிறு

போயம் 13. பொருக்கு உதிர்ந்துவிட்டது. நேற்று கிளினிக்கில் முட்டை கொடுத்துப் பார்த்தார்கள், நகத்தளவில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக. இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்ததும், "நாளைக்கும் குடுப்பியா?" என்றாள்.

ஜனவரி 3, 2025

நாங்கள் ஆர்.எஸ்.புரத்தில் இருந்தவரை சிறுவாணித் தண்ணீர். இந்தப் பக்கம் வந்ததிலிருந்து போர் தண்ணீர், பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிகிறது. அதனால்தான் தோல் இப்படி என்று சொல்லி, தண்ணீரை மென்மையாக்கும் மெஷின் விற்க ஒருவர் வந்தார். கடனாவது வாங்கிப் போடலாம் என்று எனக்கே ஆசை. பாப்பாவின் அப்பாதான் தேடிப் படித்துச் சொன்னார். இங்கிலாந்தில் 336 குழந்தைகளின் வீடுகளை வைத்து இதைச் சோதித்து 2011-ல் முடிவு வெளியிட்டிருக்கிறார்கள். மெஷின் வைத்த வீட்டுக்கும் வைக்காத வீட்டுக்கும் எக்ஸிமாவில் வித்தியாசம் தெரியவில்லை. அந்தப் பணத்துக்கு எத்தனை டப்பா வரும் என்று கணக்குப் போட்டுவிட்டு மெஷின் விற்க வந்தவரை அனுப்பிவிட்டோம்.

ஜனவரி 8

பள்ளிக்கூடத்தில் வட்டமாகக் கைகோத்து நிற்கும் விளையாட்டு. பக்கத்துப் பிள்ளை பாப்பாவின் கையைப் பிடிக்கவில்லையாம். "எங்கம்மா தொடக் கூடாதுன்னாங்க" என்றதாம். பாப்பா இதைச் சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத்தான் அன்னம் இறங்கவில்லை.

சாயங்காலம் வாசலில் அந்த அம்மாவைப் பார்த்தேன். சண்டை போட மனசில்லை. என் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். "அஞ்சு வருஷமா தினம் இந்தக் கையால தடவறேங்க. எனக்கு ஒண்ணும் வரலை, பாருங்க. இது தொத்தாதுங்க." அவர் என் கையைப் பார்த்தார், பிறகு குனிந்து பாப்பாவின் கையைத் தொட்டார். "சிரங்குன்னு நெனச்சேங்க" என்றார். சிரங்கு தொத்தும், இது தொத்தாது. அந்த வித்தியாசம் தெரியாமல் போனது அவர் தப்பில்லை.

ஜனவரி 14, பொங்கல்

நேற்று போகிப் புகைக்கு விடியும் முன்பே ஜன்னலெல்லாம் சாத்திவிட்டேன். இன்று பட்டுப்பாவாடைதான் வேண்டும் என்று அடம். ஜரிகை முழங்காலுக்குப் பின்னால் அறுக்கும். அத்தை ராத்திரியே பழைய வேட்டியைக் கிழித்து உள்பாவாடை தைத்து வைத்திருந்தாங்க, ஜரிகைக்குக் கீழே இரண்டு விரற்கடை நீளமாக. பகல் பூராவும் போட்டிருந்தாள். ஒருமுறைகூடச் சொறியவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

போயம் 5. முழங்கை மடிப்பு வழுவழுப்பாகிவிட்டது. நிறம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, மருந்தால் இல்லை, அழற்சி ஆறிய தடம், மெல்லத் திரும்பும் என்றார்கள். ஸ்டீராய்டு இப்போது புதனும் ஞாயிறும் மட்டும், அடிக்கடி வரும் இடங்களில். களிம்பு தினம் இரண்டு வேளை, அது நிற்காது.

டப்பாவை எடை போட்டால் இந்த வாரம் 310 கிராம். தோல் தேறியிருக்கும்போது எப்படிக் கூடியது என்று யோசித்துக்கொண்டே திண்ணைக்குப் போனேன். அத்தை காலை நீட்டி உட்கார்ந்திருந்தாங்க. பாப்பா ஸ்பூன் நிறையக் களிம்பை எடுத்து, பாட்டியின் பித்தவெடிப்பில் அப்பிக்கொண்டிருந்தாள். "அசையாதீங்க பாட்டி. மேலிருந்து கீழ, மேலிருந்து கீழ."

நோட்டில் இந்த வாரத்துக்கு எதிரே எழுதினேன்: பாப்பா 270, அத்தை 40.