டிரெய்லரில் குடியேறியவர்கள்

ஏப்ரல் 27, 2024, சனி

கனடாவில் கால்கரிக்கு வெளியே ஒரு பண்ணையில் ஆறு மாதம் கிடந்த டிரெய்லரை, வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கிற எங்கள் முகாம் வீட்டை, இன்று வீட்டு வாசலுக்கு இழுத்து வந்தேன். புரொப்பேன் வாயுவைத் திறந்து, உள்ளே சூடாக்கும் ஃபர்னஸைப் போட்டேன். விசிறி ஓடியது, தீயும் பிடித்தது. இரண்டே நிமிடத்தில் தீ அணைந்து விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மறுபடி போட்டாலும் அதே கதை. சூடான காற்று வரும் படுக்கைப் பக்கத்துக் கிராதியில் கை வைத்தால் காற்று பேருக்குத்தான் வருகிறது. வருவதிலும் மூத்திர நாற்றம். "எலிங்க" என்று சொல்லிவிட்டு ஏறிய வேகத்தில் இறங்கிவிட்டாள் மனைவி.

ஏப்ரல் 28

கிராதியைக் கழற்றி டார்ச் அடித்தேன். நான்கு அங்குல அலுமினியக் குழாய்க்குள் கண்ணாடி இழைப் பஞ்சு, கிழித்த டிஷ்யூ, நடுவே இரண்டு கைப்பிடி சூரியகாந்தி விதை. சூடான காற்று போக வழியில்லாமல் ஃபர்னஸ் கொதித்ததால் பாதுகாப்பு சுவிட்ச் தீயை நிறுத்தியிருக்கிறது. நேற்று அதைத் திட்டியதெல்லாம் வீண். அக்டோபரில் நான் போட்டுவைத்த பாச்சை உருண்டைகளுக்குப் பக்கத்திலேயே நிம்மதியாகக் குளிர்காலத்தைக் கழித்திருக்கின்றன.

ஓரத்தில் செத்துக் காய்ந்த ஒன்று கிடந்தது. முதுகு பழுப்பு, வயிறும் பாதமும் வெள்ளை, வால்கூட மேலே கறுப்பு, கீழே வெள்ளை. இங்கே டியர் மவுஸ் என்பார்கள். ஹன்டா வைரஸைச் சுமக்கிற இனம். காய்ந்த புழுக்கையின் தூசியை மூச்சில் இழுத்தால் ஒட்டிக்கொள்ளலாம். அரிதுதான், ஆனால் வந்தால் நுரையீரலைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் தூசியைத்தான் நேற்று விசிறி போட்டு வண்டி முழுக்க ஊதியிருக்கிறேன். நோய் தெரிய ஒன்றிலிருந்து எட்டு வாரம் ஆகுமாம். காலண்டரில் எண்ணினேன். வீட்டில் சொல்லவில்லை.

மே 4

கதவு ஜன்னலைத் திறந்து அரைமணி நேரம் வெளியே நின்றேன். பிறகு கையுறை, என்95 முகக்கவசம். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். கூடு நன்றாக நனைய அடித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு அள்ளினேன். துடைப்பமும் வேக்குவமும் தொடக்கூடாது, தூசி கிளம்பும். கடித்துக் குதறிய படுக்கைப் பக்கத்துக் குழாயை முழுதாக மாற்றினேன். சமையல் பக்கத்துக் குழாய் சுத்தமாகத் தெரிந்ததால் விட்டுவிட்டேன்.

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துத் தேடியதில் வழி கிடைத்தது. புரொப்பேன் குழாய் தரைக்குள் நுழையும் இடம், சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத இடைவெளி. போன வருடம் நானே இறுகிப்போகும் நுரை அடித்து அடைத்த ஓட்டைதான்! நுரையைக் கடித்தே வழி செய்திருக்கின்றன. இந்த முறை இரும்புப் பஞ்சு, அதன்மேல் கால் அங்குலக் கம்பிவலை.

மே 11

பக்கத்து வீட்டுக்காரர் விஷம் வைக்கச் சொன்னார். தின்றது குழாய்க்குள் போய்ச் செத்தால் கோடை முழுக்க அந்த வாடையில்தான் தூங்க வேண்டும். பொறிதான் வைத்தேன். கடலை வெண்ணெய் தடவி, இரை இருக்கிற முனை சுவரைத் தொடும்படி. எலிகள் சுவரை ஒட்டித்தானே ஓடும். முதல் இரவு இரண்டு, மூன்றாம் இரவு ஒன்று. அப்புறம் நான்கு இரவாக ஒன்றுமில்லை.

"தினமும் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கிறீங்களே, என்ன?" என்று மனைவி கேட்டாள். சொல்லிவிட்டேன். அன்று அவளும்தான் உள்ளே ஏறினாள் என்பது அதற்குப் பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.

மே 18

நீண்ட வார இறுதி. கேன்மோர் பக்கம், போ (Bow) நதிக்கரை. மூன்று வாரமாயிற்று, இருவருக்கும் ஒன்றுமில்லை. ராத்திரி உறைகுளிர். ஃபர்னஸ் ஒரு தடவைகூட நிற்கவில்லை. பத்து மணி வாக்கில் சமையல் பக்கத்துக் கிராதியிலிருந்து ஒரு சூரியகாந்தித் தொலி பறந்து வந்து தரையில் விழுந்தது. பையன் குனிந்து எடுக்கப் போனான்.

"கையுறை!" இரண்டு பேரும் சேர்ந்தே கத்தினோம்.