லியோன் ஃப்ளைஷரின் இடது கை

லியோன் ஃப்ளைஷரைப் பற்றிப் பேசும் பலரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். பெரிய பியானோ கலைஞர், வலது கை போனது, முப்பது வருடம் இருட்டு, அப்புறம் கை திரும்பி வந்தது. எனக்கு அந்த நடு முப்பது வருடம்தான் முக்கியம். அதை இருட்டு என்று தள்ளிவிட மனசு ஒப்பவில்லை.

1928-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தவர். ஒன்பது வயதில் பியானோ மேதை ஆர்தர் ஷ்னாபெல் அவரைச் சிஷ்யனாகச் சேர்த்துக்கொண்டார். ஷ்னாபெலின் குரு லெஷெட்டிட்ஸ்கி, அவருடைய குரு செர்னி, செர்னிக்குச் சொல்லிக் கொடுத்தவர் சாட்சாத் பேத்தோவன். இங்கே மும்பை மாட்டுங்காவில் கச்சேரி இடைவேளையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு “யார்கிட்ட பாடம்?” என்று விசாரிக்கிற நம்மவர்களுக்கு இந்த வரிசையின் கனத்தை விளக்கவே வேண்டாம். 16 வயதில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கோடு மேடை, 1952-ல் பிரஸ்ஸல்ஸில் ராணி எலிசபெத் போட்டியில் முதல் பரிசு (அதை வென்ற முதல் அமெரிக்கர்), பிறகு ஜார்ஜ் ஸெல் நடத்திய க்ளீவ்லண்ட் ஆர்கெஸ்ட்ராவோடு பேத்தோவன், பிராம்ஸ் பதிவுகள்.

1964 வாக்கில் வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் தானாக உள்ளங்கைக்குள் மடங்க ஆரம்பித்தன. அப்போது வயது 36. ஃபோகல் டிஸ்டோனியா என்கிறார்கள். தசையோ எலும்போ கெடவில்லை, மூளையிலிருந்து விரலுக்குப் போகிற கட்டளைதான் குழம்புகிறது. இந்தப் பெயர் தெரியவே அவருக்குப் பல வருடங்கள் ஆயின. சாகலாமா என்றுகூட யோசித்ததாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அவர் செய்ததைப் பாருங்கள். முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பால் விட்கன்ஸ்டைன் என்ற வியன்னா கலைஞர், பெரிய இசையமைப்பாளர்களிடம் பணம் கொடுத்து இடது கைக்கென்றே எழுதி வாங்கியிருந்தார். ராவெலின் கான்செர்ட்டோ (தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கிற படைப்பு) அதில் ஒன்று. ஃப்ளைஷர் அதை எடுத்துக்கொண்டார். கண்ணை மூடிக் கேட்டால் ஒரு கை என்று நம்பவே முடியாது. மெலடியைக் கட்டைவிரல் பிடித்துக்கொள்கிறது, மற்ற விரல்கள் கீழே இறங்கி பேஸ் ஸ்வரங்களைத் தொட்டுவிட்டு ஓடி வருகின்றன, கை மேலே தாவுகிற அந்த நொடியில் கீழ் ஸ்வரம் அணையாமல் பெடல் தாங்கிக்கொள்கிறது.

அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது பால்டிமோரின் பீபாடி இசைப் பள்ளியில் அவர் நடத்திய பாடம். முன்பெல்லாம் மாணவரை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து வாசித்துக் காட்டலாம், இப்போது அது முடியாது, அதனால் இந்த வரி ஏன் இப்படிப் போகவேண்டும் என்பதை வார்த்தையில் சொல்லியாக வேண்டும். எங்கள் செம்பூர் கட்டிடத்தில் வீணை சொல்லித்தரும் மாமிக்குக் கை நடுக்கம் வந்த பிறகு, எல்லா கமகத்தையும் பாடியேதான் காட்டுகிறார். அதற்கப்புறம் வந்த பிள்ளைகளின் வாசிப்பில் பாட்டு கூடுதலாக இருக்கிறது, சந்தேகமே இல்லை. ஃப்ளைஷரிடம் படித்தவர்கள் யார் என்று பாருங்கள்: யெஃபிம் பிரான்ஃப்மேன், லூயி லோர்ட்டி, ஜோனதன் பிஸ்.

90-களில் போட்டாக்ஸ் ஊசி கொஞ்சம் விரலை இளக்கியது, 2004-ல் இரு கைகளோடும் ஒரு ஆல்பம் வந்தது. எல்லோரும் கொண்டாடினார்கள், நியாயம்தான். அதே வருடம் டிசம்பரில் பெர்லினில் நடந்ததை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. ஜெர்மன் இசையமைப்பாளர் ஹிண்டமித் 1923-ல் விட்கன்ஸ்டைனுக்காக எழுதி, விட்கன்ஸ்டைன் வாசிக்காமலே வைத்துவிட்ட ஒரு படைப்பு, விட்கன்ஸ்டைனின் மனைவி இறந்த பிறகு வீட்டுக் காகிதங்களில் கிடைத்தது. எண்பது வருடம் மேடையே காணாத அதை, சைமன் ராட்டில் நடத்த, முதன்முதலாக வாசித்தவர் ஃப்ளைஷர். இடது கையால்! அந்த முப்பது வருடம் இல்லையென்றால் அதற்கு அவரைக் கூப்பிட்டிருப்பார்களா?

2020-ல் 92 வயதில் காலமானார். புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் ஸெல்லோடு 1958-ல் பதிவான பிராம்ஸ் முதல் கான்செர்ட்டோவில் தொடங்குங்கள், அடுத்து ராவெல். ஆனால் ராவெலை மும்பை ஹார்பர் லைன் ரயிலில் கேட்காதீர்கள்; தொடக்கம் டபுள் பேஸ், கான்ட்ராபசூன் என்ற தாழ்ந்த குரல் வாத்தியங்கள் ரொம்பக் கீழே முனகுகிற இடம், ரயில் சத்தத்தில் ஒன்றுமே காதில் விழாது.