தடித்த எழுத்தில் வராத எண்கள்

ஆய்வகங்கள் இப்போதெல்லாம் அழகாக ரிப்போர்ட் தருகின்றன. அளவுக்கு மேலேயோ கீழேயோ போன எண் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும், பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. கடலூரில் பொது மருத்துவம் பார்க்கிற எனக்குப் பாதி நாள் இந்த நட்சத்திரங்களோடு மல்லுக்கட்டுவதிலேயே போகிறது. எத்தனை எண் தடித்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நோயாளி உள்ளே வருகிறார். அதற்குள் மகன் அதைப் படமெடுத்துத் துபாயில் இருக்கும் மாமாவுக்கு அனுப்பி, மாமா இணையத்தில் தேடி, வீடே கலங்கிப் போயிருக்கும்.

'நார்மல்' என்ற எல்லை எப்படி வந்தது என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. ஆரோக்கியமானவர்கள் பலரிடம் ரத்தம் எடுத்து, இரண்டு ஓரத்திலும் இரண்டரை சதவீதத்தை ஒதுக்கிவிட்டு, நடுவில் இருக்கும் 95 சதவீதத்தைத்தான் பெரும்பாலான சோதனைகளில் நார்மல் என்கிறோம். அப்படியானால் நல்ல உடம்போடு இருக்கும் 20 பேரில் ஒருவர் எல்லைக்கு வெளியே விழத்தான் செய்வார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளை ஒரே ஆளுக்குச் செய்தால், ஒன்றாவது தடித்து வர 64 சதவீத வாய்ப்பு உண்டு. சர்க்கரை, கொலஸ்ட்ரால் போன்ற சிலவற்றின் எல்லை மட்டும் வேறு மாதிரி. எந்த அளவுக்கு மேல் பிற்காலத்தில் பாதிப்பு கூடுகிறது என்று பார்த்து வைத்தது அது. திருவிழா தள்ளுபடியில் 'முழு உடல் பரிசோதனை' செய்துகொண்டு பயந்துபோய் வருகிறவர்களுக்கு நான் எழுதிக்கொடுக்கும் மருந்து பெரும்பாலும் ஒன்றுமில்லை.

அவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்புவது எளிது. தடித்த எழுத்தில் வராத எண்களோடு வருகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து ஒரு ஆயா வந்தார். 75 வயது, எடை 40 கிலோ. பசியில்லை, ஒரே அசதி. "எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க டாக்டரம்மா, வயசாயிட்டா அப்படித்தான்" என்றார் மருமகள். கிரியேட்டினின் 1.1. ரிப்போர்ட்டில் அச்சிட்ட எல்லை 0.6 முதல் 1.2 வரை, அதனால் நட்சத்திரம் இல்லை. ஆனால் கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, அதைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். ஆயாவின் கையில் எலும்பும் தோலும்தான் இருந்தன. இவ்வளவு குறைந்த தசையோடு 1.1 வருகிறது என்றால் சிறுநீரகம் அதைச் சரியாக வெளியேற்றவில்லை என்று பொருள். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் கணிக்க காக்ராஃப்ட், கால்ட் இருவரும் 1976-ல் தந்த சூத்திரத்தை மருந்தளவு கணக்கிட இன்றும் வைத்திருக்கிறோம். 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினினை 72-ஆல் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். பெண் என்றால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். ஆயாவுக்கு 28 வந்தது, ரொம்பக் குறைவு. இப்போது ஆய்வகங்கள் அச்சிடுகிற புதிய சூத்திரத்தில் 52 வரும், பார்க்கக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருக்கும். ஆனால் அது சராசரி உடல்பரப்புக்கான கணக்கு, ஆயாவின் உடம்பு அதில் முக்கால் பங்குதான் இருக்கும்.

சரி, எண் எதுவானாலும் கேட்க வேண்டியது வேறு, சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய வலி மாத்திரை ஏதாவது உள்ளே போகிறதா என்று. "மூட்டு வலிக்கு என்ன ஆயா சாப்பிடுறீங்க?" என்றேன். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஒரு செட் மாத்திரை, தினமும், மாதக்கணக்காக. கூடவே சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், முழு அளவில். அதுவும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வலி மாத்திரையை நிறுத்தி, மெட்ஃபார்மினைப் பாதியாக்கி, சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்க எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து வந்தபோது சோறு இறங்குகிறது என்றார்.

அதே மாதம் பாண்டியிலிருந்து ஒரு ஜிம் பையன் வந்தான். கிரியேட்டினின் 1.4, தடித்த எழுத்து, நட்சத்திரம், அம்மாவின் கண்ணீர். தோள் இரண்டும் கதவை அடைத்துக்கொண்டு வருகிற உடம்பு, தினமும் கிரியேட்டின் பொடி வேறு, அது உடம்பில் கிரியேட்டினினாக மாறும். சிறுநீர் சோதனை சுத்தமாக இருந்தது. பொடியை நிறுத்தி, பயிற்சியையும் சில நாள் தளர்த்திவிட்டு மறுபடி பார்த்தபோது அளவு இறங்கியிருந்தது. ஆயாவையும் இந்தப் பையனையும் இயந்திரம் ஒரே எல்லையில் வைத்துத்தான் பார்க்கிறது. அதற்கு இருவரையும் பார்க்கக் கண் இல்லையே.

எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை விழுந்தால் காய்ச்சல் வரிசை கட்டும். அந்த மாதங்களில் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான்: "தட்டணு (பிளேட்லெட்) எவ்வளவு?" எண்ணிக்கை ஒரு லட்சத்துக்குக் கீழே போனால் பப்பாளி இலைக்கு ஆள் பறக்கிறது. ஒரு டெங்கு காலத்தில் அடுத்தடுத்த கட்டிலில் இருவர் இருந்தார்கள். ஒருவருக்குத் தட்டணு 28,000. உறவினர்கள் ரத்த வங்கிக்கு அலையத் தயாராக நின்றார்கள். ஆனால் அவருக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு நாளாகியிருந்தது. ரத்தக்கசிவு எங்கும் இல்லை, இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், ரத்த அழுத்தம் நன்றாக இருந்தது. தட்டணு ஏற்றவில்லை. அது தானாகவே ஏறியது.

பக்கத்துக் கட்டிலில் தேவனாம்பட்டினத்து இளைஞர். தட்டணு 90,000, அன்று காலைதான் காய்ச்சல் விட்டிருந்தது. "சரியாயிடுச்சு, வீட்டுக்குப் போறோம்" என்று பையைக் கட்டிவிட்டார்கள். அவருடைய ரிப்போர்ட்டில் ஹீமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு, 49. ஆண்களுக்கு 50 வரை நார்மல் என்பதால் நட்சத்திரம் இல்லை. முதல் நாள் அது 40. ரத்தத்தின் நீர்ப்பகுதி நாளங்களை விட்டுக் கசிந்து வெளியேறும்போது மிச்சமிருக்கும் ரத்தம் கெட்டியாகிறது, அப்போது இந்த எண் ஏறும். முன்பிருந்ததைவிட 20 சதவீதத்துக்கு மேல் ஏறினால் கசிவு நடக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். டெங்குவில் இது காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் நடக்கும், அதனால்தான் வீட்டார் ஏமாறுகிறார்கள். அவர் கை சில்லிட்டிருந்தது. ரத்த அழுத்தம் 100-க்கு 84. மேலுள்ளதற்கும் கீழுள்ளதற்கும் நடுவே 20 கூட இல்லை. உடனே ட்ரிப் போட்டு, மணிக்கணக்கில் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டியதாயிற்று. தட்டணுவை மட்டும் பார்த்து முடிவெடுத்திருந்தால் 28,000 காரரை ஐசியூவிலும் இவரை வீட்டிலும் வைத்திருப்போம்.

மழைக்காலக் காய்ச்சலில் இன்னொரு சிக்கல் டைபாய்டுக்காகச் செய்யும் வைடால் சோதனை. 1896-ல் பெர்னாண்ட் வைடால் என்ற பிரெஞ்சு மருத்துவர் கொண்டுவந்தது. பிரான்ஸ் அதை எப்போதோ மறந்திருக்கும், நாம் இன்னும் விடவில்லை. டைபாய்டு பரவலாக உள்ள ஊரில் பழைய தொற்றாலோ தடுப்பூசியாலோகூட இதில் கொஞ்சம் எண் வரும். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் வேலை செய்யும் ஓர் அம்மா ஒரு வாரக் காய்ச்சலோடு வந்தார். வைடால் 1:160, தடித்த எழுத்தில். அதை நம்பி ஐந்து நாள் ஊசி போட்டாயிற்று, காய்ச்சல் அசையவில்லை. டெங்கு இல்லை. தட்டணு லேசாகக் குறைவு, கல்லீரல் நொதிகள் லேசாகக் கூடுதல். இப்படி எல்லாமே லேசாக மாறியிருந்தால் உடம்பை முழுக்கப் பார்த்துவிட வேண்டும். திரைக்குப் பின்னால் அழைத்துப் போய்ப் பார்த்தபோது மார்புக்கு அடியில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. வலியில்லாததால் அவருக்கே தெரியவில்லை. ஸ்க்ரப் டைஃபஸ். புதரிலும் தோப்பிலும் இருக்கும் உண்ணி இனத்துச் சிறு பூச்சியின் கடியால் வருவது. ஆண் மருத்துவர்களிடம் அவர் அந்த இடத்தைக் காட்டியிருக்க மாட்டார், அவர்களும் கேட்டிருக்கத் தயங்கியிருப்பார்கள். டாக்ஸிசைக்ளின் தொடங்கி இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கிவிட்டது. மலிவான மாத்திரை.

அப்புறம், எண்ணே பொய்யாக இருக்கும் நாட்களும் உண்டு. பொட்டாசியம் 6.4 என்று போன் வரும், ஆபத்தான அளவு. பார்த்தால் ஆள் சாதாரணமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார், இசிஜி-யும் ஒழுங்காக இருக்கும். விசாரித்தால் ரத்தம் கிராமத்து சேகரிப்பு மையத்தில் காலையில் எடுத்தது, இருசக்கர வண்டியில் ஊர் ஊராகச் சுற்றி மதியம்தான் ஆய்வகம் வந்திருக்கிறது. செல்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் அதற்குள் வெளியே வந்துவிடும். நரம்பு கிடைக்கவில்லை என்று கையை மூடித் திற, மூடித் திற என்று சொல்லி எடுத்தாலும் ஏறும். சர்க்கரை நேர்மாறு. இதைத் தடுக்கும் மருந்துள்ள சாம்பல் மூடிக் குழாயில் எடுக்காமல் அப்படியே வைத்தால் செல்கள் அதைத் தின்று மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறைத்துவிடும். ஊதா மூடிக் குழாயில் இருக்கும் மருந்துக்குச் சிலருடைய தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் கட்டியை ஒன்றாக எண்ணிவிட்டு 38,000 என்று சொல்லும். எனக்கு வாய்த்த டெக்னீஷியன் நல்லவர், இப்படி வந்தால் தானாகவே கண்ணாடித் துண்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, "கட்டி கட்டியா இருக்கு மேடம், நீல மூடியில ஒரு தடவ அனுப்புங்க" என்பார். அனுப்பினால் இரண்டு லட்சம் இருக்கும்.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனைக்கும் இதே கதைதான். இரும்புச்சத்து குறைந்து ரத்தம் கம்மியாக இருக்கும் பெண்களுக்கு எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். ஹீமோகுளோபின் 8, எச்பிஏ1சி 6.7 என்று வந்தால் மாத்திரை எழுதும் முன் வெறும் வயிற்றுச் சர்க்கரையை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்களின் தைராய்டு ரிப்போர்ட்டையும் நான் உடனே நம்புவதில்லை. சில இயந்திரங்களில் அது தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச்-ஐப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

இத்தனைக்கும் நான் அதிகம் நம்புவது பழைய ரிப்போர்ட்டைத்தான். 58 வயது அரசு ஊழியர் ஒருவர், ஹீமோகுளோபின் 13.2. ஆண்களுக்கு 13-க்கு மேல் இருந்தால் போதும், நட்சத்திரம் இல்லை. அவர் பையில் இரண்டு ஆண்டுக்கு முந்தைய தாள் ஒன்று மடித்துக் கிடந்தது. அதில் 15.6. சிவப்பணுக்களின் சராசரிப் பருமனும் 91-லிருந்து 81-க்கு இறங்கியிருந்தது, அதுவும் எல்லைக்குள்தான். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்தோம், மிகக் குறைவு. அந்த வயது ஆணுக்கு இரும்பு குறைந்தால் எங்கோ ரத்தம் கசிகிறது என்று தேட வேண்டும். பாண்டிக்கு அனுப்பிக் குடலில் குழாய் விட்டுப் பார்த்ததில் வலது பெருங்குடலில் கட்டி. பரவுவதற்கு முன்பே அறுவை சிகிச்சை நடந்துவிட்டது.

2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் கரையேறி, அடுத்த நாட்களில் தென்பெண்ணை ஊருக்குள் வந்தபோது எங்கள் நோயாளிகள் பலரின் ஃபைல்கள் பீரோவோடு ஊறிப்போயின. அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். வருகிறவர்களின் தாள்களை வரவேற்பில் இருக்கும் பெண் அவர்களுடைய போனிலேயே தேதி தெரிகிற மாதிரி படமெடுத்துக் கொடுத்துவிடுகிறாள். போன் மாற்றும்போது அதையும் சேர்த்து மாற்றிக்கொள்ளச் சொல்லி அனுப்புகிறோம்.