சிரித்ததற்கு ஒரு துண்டு

ஆங்கிலப் பாடத்தில் சிரித்ததற்காக என்னை நோயாளி ஆக்கினார்கள். 2000ஆம் ஆண்டு நவம்பர், கனடாவின் ஸ்காபரோ, பதினோராம் வகுப்பு. போரில் செத்தவர்களின் நினைவாக எல்லோருடைய நெஞ்சிலும் சிவப்புப் பொப்பிப் பூ குத்தியிருந்த கிழமை. ஒவ்வொருவராக எழும்பி ஒரு நாவலை உரத்து வாசிக்க வேண்டும். முதலாம் உலகப் போர்க் கதை, எரிக் மரியா ரெமார்க்கின் 'ஆல் குவாயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரண்ட்'. தொடக்கத்திலேயே மூன்று ஜெர்மன் பொடியன்கள் புல்வெளியில் மலகூடப் பெட்டிகளை வட்டமாக இழுத்துப் போட்டு, அதில் குந்தியபடி சீட்டு விளையாடுகிறார்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு எழும்புகிற எண்ணமே இல்லை.

வகுப்பே சிரித்தது. மற்றவர்கள் நிறுத்திய பிறகும் என்னால் நிறுத்த முடியவில்லை. வாயைப் பொத்தினேன், மூக்கால் வந்தது. மேசையில் கவிழ்ந்தேன், தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர். நான் போர் நடக்கிற இலங்கையிலிருந்து வந்தவள் என்று ரீச்சருக்குத் தெரியும். அவருடைய முகம் மாறியது. மணி அடித்ததும் கையில் ஒரு மஞ்சள் காகிதத் துண்டைத் தந்தார். பள்ளி ஆலோசகரைப் போய்ப் பார்க்க வேண்டுமாம்.

ஊரில் வகுப்பில் சிரித்தால் வாங்கில் ஏற்றி விடுவார்கள். இல்லையென்றால் உள்ளங்கையில் இரண்டு. அதோடு கணக்குத் தீர்ந்தது. இங்கே கணக்கே அப்போதுதான் தொடங்கியது.

ஆலோசகர் நல்ல மனுசி, அதைச் சொல்லிவிட வேண்டும். நான் இருந்ததுமே கண் துடைக்கிற ரிசுப் பெட்டியை என் பக்கம் தள்ளி வைத்தார். செத்த வீட்டில் கதைக்கிற குரலில், "எப்படி உணர்கிறாய்?" என்று கேட்டார். எங்களிடம் ஆர் அப்படிக் கேட்டிருக்கிறார்கள்? "சாப்பிட்டியா?" கேட்பார்கள். "ஏன் முகம் வாடிக் கிடக்கு?" கேட்பார்கள். ஆங்கிலம் புதிதாகப் படிக்கிறவர்களுக்கான ஈ.எஸ்.எல். வகுப்பில் பாடமாக்கிய பதிலையே சொன்னேன்: நான் நலம், நன்றி, நீங்கள் நலமா? அவர் எதையோ குறித்துக்கொண்டார்.

பிறகு, இராணுவ உடுப்பைக் கண்டால் பயம் வருமா என்று கேட்டார். அதற்கும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

நாங்கள் வந்து இறங்கியது 1999 ஜனவரி. ரொறன்ரோ பனியில் புதைந்து போயிருந்த மாதம். அப்போதைய மேயர் மெல் லாஸ்ட்மன் தாக்குப்பிடிக்க முடியாமல் இராணுவத்தைக் கூப்பிட்டுவிட்டார். வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அம்மா தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு, "ஆமி வந்திட்டுது" என்றார். அப்பா 1992இலேயே இங்கு வந்தவர், அகதிக் கோரிக்கை, தொழிற்சாலை, இரவு வேலை எல்லாம் கண்டவர். அவர் தேத்தண்ணிக் கோப்பையை வைக்காமலே, "அவங்கள் சினோ வழிக்க வந்திருக்கிறாங்கள்" என்றார். பச்சை உடுப்பு, கவச வாகனம், கையில் பனி அள்ளுகிற சவள். அம்மா நம்பவில்லை. அன்று இரவு பாஸ்போட்டுகளும் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களும் நகைகளும் வைத்த பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுத்தார். அந்தப் பைக்கு இப்போதும் எங்கள் வீட்டில் ஒரு இடம் இருக்கிறது. இதையெல்லாம் அந்த மனுசிக்கு என்னுடைய ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? "இல்லை, பயமில்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மலகூடக் கதையையும் சொல்லவில்லை. அதை இங்கே சொல்கிறேன்.

1995 ஒக்ரோபர் 30, ஆமி நெருங்க, யாழ்ப்பாணத்து வலிகாமமே எழும்பி நடந்த இரவு. தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. மழை, கும்மிருட்டு, நாலைந்து லட்சம் சனம், ஒரே றோட்டு. நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட நெரிசலில் என்னுடைய ஒரு செருப்பு சேற்றோடு போனது. ஒற்றைச் செருப்பை வைத்து என்ன செய்வது என்று மற்றதையும் கழற்றி எறிந்தேன். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. எங்களுக்கு ஆறாம் வகுப்பு 'பி' பிரிவின் ஒரு மூலை. எனக்குப் பன்னிரண்டு வயது. ஆறாம் வகுப்பில் மறுபடி குடியேறிய மாதிரி இருந்தது.

சாப்பாடு எப்படியோ வந்தது. பிரச்சினை கக்கூஸ். நாலே நாலு. விடியப்புறம் நாலு மணிக்கே வரிசை. பொம்பிளைப் பிள்ளைகள் இருட்டினால் பின்பக்கத்துப் பனை வடலிக்குள் போவோம். பெரியம்மாவின் மகள் இரண்டு பேர், நான், சித்தியின் சின்னவள். வெளிச்சத்துக்கு ஜாம் போத்தல் விளக்கு. பொருளாதாரத் தடைக் காலம், பற்றரி கிடையாது, மண்ணெண்ணெய் தங்கம். அரை விரற்கடை எண்ணெய், ஒரு திரி. ஒரு நாள் நாலு பேரும் குந்தியிருக்கக் காற்று விளக்கை அணைத்துவிட்டது. இருட்டுக்குள்ளிருந்து ஒரு கிழவரின் குரல்: "ஆர் பிள்ளையள் அது?"

ஓடினோம். சின்னவள் பாதியில் எழும்பி ஓடிவந்தாள். விளக்கை விட்டுவிட்டோம்.

அடுத்த நாள் காலை அந்தக் கிழவர் போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிட்டார். ஒவ்வொரு வகுப்பறை வாசலிலும் நின்று, "வடலிக்குள்ளை விட்டிட்டு வந்த விளக்கு ஆரின்ரை?" என்று கேட்டுக்கொண்டு போகிறார். கிட்டத்தட்ட அறுபது குடும்பம். நாங்கள் நாலு பேரும் ஒரு சீலைக்குப் பின்னால் ஒளிந்திருந்தோம். அம்மா எழும்பிப் போய், கொஞ்சமும் கூசாமல், "எங்கடை" என்று வாங்கி, வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். எண்ணெய் மிச்சம் இருந்தது.

இதை நினைத்துத்தான் சிரித்தேன். இதற்குத்தான் துண்டு.

பள்ளியிலிருந்து வீட்டுக்கும் கடிதம் போனது. நான் மொழிபெயர்த்துச் சொல்ல அம்மா கேட்டார். "சிரிச்சதுக்கோ?" என்று இரண்டு தரம் கேட்டார். அவருடைய முடிவு சுருக்கமானது: கனடா வந்த பிறகு சனிக்கிழமை எண்ணெய் வைத்துத் தோயவில்லை, உடம்பில் சூடு ஏறிவிட்டது. வெளியே மைனஸ் எட்டு. தலையில் நல்லெண்ணெய் வழிய அப்பாட்மென்ற் குளியலறையில் குந்தியிருந்தேன்.

அந்தப் புத்தகத்தை மட்டும் விடவில்லை. ஆங்கிலத்தில் நான் முழுதாக வாசித்து முடித்த முதல் நாவல் அது. வகுப்பு அதை வாசித்த விதம் ஒன்று; நான் வாசித்தது வேறு. ஜெர்மன் பொடியன்கள் சப்பாத்து மை தகர மூடியை மெழுகுதிரிக்கு மேலே பிடித்து, பிடித்த பேன்களை அதில் போட்டுப் பொரிக்கிறார்கள். வகுப்பு "யக்" என்றது. நான் அந்த மூடியின் சூட்டை விரலில் உணர்ந்தேன். கட்டுரைக்கு ரீச்சர் கொடுத்த தலைப்பு, போரில் பறிபோகும் இளமை. நான் இரண்டரைப் பக்கமும் சாப்பாட்டைப் பற்றியே எழுதினேன். எங்கே போனாலும் பாண் கண்டுபிடித்துக்கொண்டு வருகிற காற் என்ற ஆளைப் பற்றி. எங்கள் மாமா ஒருவர் அப்படித்தான். எனக்கு பி மைனஸ்.

ரெமார்க் போர்முனையில் நின்றது 1917இல் சில வாரங்கள்தான். ஷெல் துண்டுகள் பட்டு, மிச்சப் போரில் பெரும்பகுதியை ஆஸ்பத்திரியில் கழித்தார். அதனால்தானோ என்னவோ, அந்த நாவலில் துவக்குச் சத்தத்தைவிட ஆஸ்பத்திரி வாசம்தான் எனக்கு அதிகம் வந்தது. நெஞ்சில் குத்துகிற பொப்பிப் பூவுக்குப் பின்னால் இருக்கிற கவிதையை எழுதிய ஜோன் மக்ரேயும் ஒரு டொக்டர்தான், இங்கே பக்கத்துக் குவெல்ஃப் நகரத்தவர். 1918 ஜனவரியில் அவர் செத்ததும் குண்டு பட்டு இல்லை, நியூமோனியாவில். வகுப்பில் போர் என்றால் குண்டு. எனக்குப் போர் என்றால் நுளம்பு.

1996இல் கிளாலியால் வள்ளத்தில் வன்னிக்குப் போனோம். முதலில் கிளிநொச்சி, அந்த ஆண்டு செப்டெம்பரில் அதுவும் ஆமியிடம் போக, மல்லாவி. அங்கே மரத்துக்குக் கீழே பள்ளிக்கூடம். வரவு இடாப்பில் 'காய்ச்சல்' என்பதற்கு ரீச்சர் 'கா' என்று மட்டும் எழுதுவார். சில நாட்களில் பக்கம் முழுக்க கா, கா. விரலில் குத்திக் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு. மலேரியாக் கிருமியின் வகை பி.வி. என்றோ பி.எஃப். என்றோ முடிவு வரும். நாங்கள் அதைப் பரீட்சை றிசல்ட் மாதிரிக் கேட்டுக்கொள்வோம்: "உனக்கென்ன? எனக்கு பி.வி." குளோரோகுயின் குளிசை நாக்கில் பட்டால் அன்று முழுக்கச் சோறும் கசக்கும், காதுக்குள் வண்டு இரையும். எனக்கு இரண்டு தரம் வந்தது. இரண்டும் பி.வி.

அந்தக் காய்ச்சல் குளிரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பங்குனி வெயிலில், இரண்டு சாக்கு, அம்மாவின் சீலை, அதற்கு மேல் சித்தியும் ஏறிப் படுத்திருக்க, பல்லு தந்தியடிக்கும். ஸ்காபரோவில் மைனஸ் இருபதில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, கூட நிற்கிற கனடாப் பிள்ளைகள் உறைந்துபோனோம் என்று கத்துவார்கள். எனக்கு அது வெளியால் வருகிற குளிர், சமாளிக்கலாம். குளிர் எலும்புக்குள்ளிருந்து வெளியே வருகிறதைப் பார்த்தவளுக்கு இது என்ன.

இந்த நுளம்புதான் கடைசியில் என்னை உண்மையாகவே நோகப் பண்ணியது. துண்டு இல்லை, கடிதம் இல்லை, பி மைனஸ்கூட இல்லை.

அடுத்த வசந்தத்தில் பள்ளி உடற்பயிற்சி மண்டபத்தில் இரத்ததானம். பதினேழு வயது நிரம்பியவர்கள் கொடுக்கலாம். எனக்குப் பதினேழு. இந்த நாட்டுக்கு எதையாவது கொடுக்க முதல்முதலாகக் கிடைத்த சந்தர்ப்பம் என்று பெரிய எண்ணம். காலையில் அம்மா இரண்டு முட்டை அவித்துத் தந்தார். கையைச் சுருட்டிக்கொண்டு இருந்தேன். தாதி கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். மலேரியா வந்திருக்கிறதா? "ஓம், இரண்டு தரம்" என்றேன், தடிமன் வந்தது என்று சொல்கிற மாதிரி. பேனை நின்றது. மிகவும் மரியாதையாகச் சொன்னார்: உன்னிடம் எடுக்க முடியாது. எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டேன். எப்போதும் முடியாது என்றார்.

பிறகுதான் காரணத்தை வாசித்தேன். பி.வி. கிருமி ஈரலுக்குள் மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்குமாம். பங்கர் வெட்டிப் படுத்திருக்கிற மாதிரி. நியாயம்தான், வாங்குகிற நோயாளியும் பாவம். ஆனால் அன்று மண்டபத்தில், இரத்தம் கொடுத்தவர்களுக்கு வைத்திருந்த மேசையிலிருந்து எனக்கும் ஒரு பிஸ்கற்றும் ஒரு பெட்டி ஒரேஞ் யூசும் தந்தார்கள். கொடுக்காதவளுக்கு. அதைக் குடிக்கவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. புத்தகப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா கை முழங்கையைத் திருப்பிப் பார்த்து, "எங்கை குத்தினவை?" என்று கேட்டார்.

2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. 2012க்குப் பிறகு அதுவரை உள்ளூரில் ஒருவருக்கும் தொற்றவில்லை. மல்லாவியில் இல்லை, கிளிநொச்சியில் இல்லை, தீவு முழுக்கத் தேடினாலும் இல்லை. செய்தியை வாசித்துவிட்டுப் பெரிதாகச் சிரித்தேன். நாட்டையே விட்டுப் போய்விட்டது, என்னுடைய பெயருக்குப் பக்கத்தில் மட்டும் குடியிருக்கிறது. அலுவலகத்தில் இரத்ததானத்துக்குப் பெயர் கேட்டு வரும்போது, "எனக்கு இரும்புச்சத்துக் குறைவு" என்று பொய் சொல்லிப் பழகிவிட்டேன். மலேரியா என்றால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்தது வரும், பிறகு யாராவது ரிசுப் பெட்டியைத் தள்ளுவார்கள்.

மற்றப்படி ஊன்றிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். சவள் எங்கே, உப்பு எங்கே என்று தெரியும். வருமான வரி நானே செய்வேன். வீட்டில் இரண்டு குளியலறை. யாராவது கதவைப் பூட்டிக்கொண்டு பத்து நிமிடம் இருந்தால் மட்டும், என்னையறியாமல் வெளியே வரிசையில் நிற்கிற சனத்தை நினைத்துவிடுகிறேன்.

போன மாதம் மகளுக்கும் பள்ளியில் அதே நாவல். குசினி மேசையில் கிடந்ததை அம்மா எடுத்து, அட்டையைப் பார்த்து, என்ன கதை என்று கேட்டார். இருபது வருடத்துக்கு மேல், அன்றைக்குத்தான் கேட்டார். சட்டியில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருக்க, நடுவிலிருந்து சொல்லத் தொடங்கினேன். கெமெரிக் என்று ஒரு பொடியன். கால் எடுத்தாயிற்று, இனித் தப்பமாட்டான். அவனிடம் நல்ல தோல் சப்பாத்து ஒரு சோடி. பார்க்க வந்த சிநேகிதன் முல்லருக்கு அந்தச் சப்பாத்திலேயே கண். எங்கள் வகுப்பில் ஒரு பாடவேளை முழுக்க விவாதம் நடந்தது, முல்லர் கல்நெஞ்சனா இல்லையா என்று. நான் கை உயர்த்தவில்லை. தென்மராட்சிப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் நாள் அம்மா எனக்கு ஒரு சோடி றப்பர் செருப்பு கொண்டுவந்து தந்தார். ஆரின்ரை என்று கேட்டேன். "போடு" என்றார். இரண்டு அளவு பெரிது. முன்னுக்குத் துணி அடைந்து, மல்லாவிப் பள்ளிக்கூடத்துக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு போனேன்.

"பிறகு?" என்றார் அம்மா.

"பிறகென்ன, கெமெரிக் செத்துப்போக முல்லர் எடுத்தான். முல்லரும் செத்தான், சாகமுதல் போலுக்குக் கொடுத்தான். அவன்தான் கதை சொல்லுறவன். தனக்குப் பிறகு இன்னொருத்தனுக்குத் தாறதெண்டு அவனும் சொல்லி வைச்சிருக்கிறான்."

அம்மா அடுப்பைக் குறைத்தார். புத்தகத்தை எண்ணெய் படாத பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"போலுக்கு அளவாய் இருந்ததோ?"